பிக்சர் டியூபில் தங்கிய மின்சாரம்

ஆவூர்,
ஆகஸ்ட் 12.

அன்புள்ள மணிமேகலைக்கு,

திருப்பூரில் நீயும் உன்னோடு வந்திருக்கும் அப்பாவும் உன் வீட்டாரும் ஆண்டவர் அருளால் நலமாக இருக்க வேண்டும். நான் மாதா கோவிலுக்குப் பின் தெருவில் இருக்கும் செபமாலை எழுதுகிறேன். என் வீட்டு டிவியைப் பழுது பார்க்கும்போதுதான் உன் அப்பா கீழே விழுந்தார் என்பதால் என்னை மறந்திருக்க மாட்டாய். போனில் பேசினால் நடுவில் நானே பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் கடிதம்.

இங்கே இரண்டு நாளாக மழை. உன் அப்பாவின் கடை முன்னால் தண்ணீர் நிற்கிறது, உள்ளே இறங்கவில்லை. நானே குடை பிடித்துப் போய்ப் பார்த்தேன்.

அந்த டிவி பின்பக்கம் பெரிதாகப் புடைத்திருக்கும் பழைய டியூப் டிவி. என் வீட்டுக்காரர் இருதயநாதன் வாங்கியது. அவர் இறந்த பிறகு மகன் சார்லஸ் சுவரில் மாட்டும் புது டிவி அனுப்பினான். அதில் முகங்கள் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவியது போலத் தெரிகின்றன. எனக்குப் பழைய வெளிச்சம்தான் வேண்டியிருந்தது. ஆனால் அதில் படம் சுருங்கி, நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நின்றது.

உன் அப்பா வந்தபோது, "அம்மா, கரண்டு வேல, ரப்பர் செருப்போட உள்ள வாரேன்" என்று கேட்டார். இயேசுவின் திரு இருதயப் படம் உள்ள அறைக்குள் எங்கள் வீட்டில் யாரும் செருப்புப் போட்டதில்லை என்று மறுத்துவிட்டேன். "அப்பக் காஞ்ச பலகையாவது குடுங்க" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்ற வைத்தது நான்தான் என்று ஊருக்கே தெரியும். நான் எழுத வந்தது அது இல்லை.

அவர் முதலில் ப்ளக்கைப் பிடுங்கினார். பின்மூடியைக் கழற்றி, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஸ்க்ரூடிரைவரில் ஒரு வயரைச் சுற்றி, அதன் மறுமுனையை உள்ளே இருந்த எர்த் வயரில் மாட்டினார். பிக்சர் டியூப் மேல் இருந்த ரப்பர் மூடிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்தார். 'டப்' என்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி. மறுபடி நுழைத்தார். சத்தம் இல்லை.

"ப்ளக்கைப் புடுங்கினாலும் இது வயித்துக்குள்ள கரண்ட வச்சிருக்கும்மா, தட்டித்தான் எறக்கணும்" என்றார். டெலிபோன் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் வயரோடு குடும்பம் நடத்தியவளுக்கே பாடமா என்று கேட்டேன். "ஒங்க வயர்ல பேச்சு ஓடும். இதுல எமன் ஓடுவான்" என்றார்.

பிறகு உள்ளே ஏதோ ஒரு வயரை ஈயம் உருக்கிப் பற்ற வைத்தார். கடையில் ஒரு சாமான் இருக்கிறது, எடுத்து வரும்வரை கிட்டே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டு வண்டியில் போனார்.

மணி பன்னிரண்டு இருக்கும். சன்னல் திரையில் வேப்பிலை நிழல் அசைந்துகொண்டிருந்தது. வீடு தண்ணீருக்குள் இருப்பது போல அமைதி. நான் எழுந்து போனது எனக்கே தெரியவில்லை. ப்ளக்கை மாட்டினேன்.

கோடு மெல்ல மேலும் கீழும் விரிந்தது, மகளே. படம் எதுவும் இல்லை. மழை விட்டதும் ஈசல் கிளம்புமே, அதுபோலத் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அறைச் சுவரெல்லாம் நிலா நிறமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடியில் மினுங்கும் அதே வெளிச்சம். கையை நீட்டினேன். திரையின் மேல் உள்ள மெல்லிய தூசி விரலில் சிலுசிலுத்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். உன் அப்பா வந்து, "யாரும் தொட்டீங்களாம்மா?" என்று கேட்டார். எனக்கு வேறு வேலை இல்லையா என்றேன். ப்ளக்தான் வெளியே கிடக்கிறதே, இந்த ஒரு பொய்யால் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன்.

என் சொல்லை நம்பித்தான் அவர் மறுபடி தட்டாமல் டிவிக்குள் கையை விட்டார். நான் ப்ளக் மாட்டியதில் உள்ளே ஏறியிருந்த கரண்டு தூக்கி எறிய, அலமாரியில் மோதி விழுந்தார். மணிக்கட்டு உடைந்த வலியிலும், "தட்டுனேனே... தட்டலையா?" என்று என் முகத்தைத்தான் பார்த்தார். நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன்.

நேற்று பக்கத்து வீட்டு உண்ணாமலை வந்து, "மணிமேகல அவுக அப்பாவ மறதி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவுதாம். கடையக் காலி பண்ணச் சொல்லிட்டுதாம். அவரும் எம் புத்தி போச்சுன்னு சொல்லிக்கிட்டு எதையும் தொடமாட்டேங்கிறாராம்" என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். எனக்கு மன்னிப்புச் சொன்னார். சாமியாரிடம் சொன்னதால் உன் அப்பாவுக்கு என்ன லாபம்? அவரிடமல்லவா சொல்ல வேண்டும்.

கடையைக் காலி செய்யாதே. இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடு. தன்னால் படிக்க முடியாது என்றால், வீட்டில் எல்லாரும் இருக்கும்போது நீ சத்தமாகப் படி. டாக்டரிடம் போவதென்றால் இதையும் எடுத்துப் போ. என்னைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் ஒரு சொல் விடாமல் எழுதி அனுப்பு. திட்டினால் திட்டியபடியே எழுது.

அவர் கையும் கண்ணும் நெடுநாள் தெளிவாக இருக்கட்டும். அவர் எதையும் மறக்கவில்லை, மணிமேகலை. இரண்டு முறை தட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இப்படிக்கு,
இ. செபமாலை