ஆறு, மட்டி அடக்கம்

செப்டம்பர் 12, சனி

பாலத்துப் பக்கம் ஆறு திரும்பும் வளைவில் தண்ணீர் முழங்கால் வரைதான். மணலில் புதைந்திருக்கும் மட்டிச் சிப்பிகளை எண்ணிப் பார்த்தேன்; நன்றாக இருக்கின்றன. ஈர உடையோடு வீடு திரும்பினால் வாசலில் லோர்னா, கையில் ஆப்பிள் கேக். இருபது வருடத் தோழி; வெறுங்கையோடு வந்ததில்லை, காரியமில்லாமலும் வந்ததில்லை. எதையெதைக் காப்பாற்றுவது என்று ஆற்றுக் குழு முடிவு செய்ய வேண்டுமாம். கூட்டத்தை நான் நடத்தித் தர வேண்டுமாம். நடத்துகிறவருக்குக் கருத்தும் கிடையாது, ஓட்டும் கிடையாது. அப்படியானால் மட்டிக்கு யார் பேசுவது?

"நான் பேசுறேன் மார்கிட். என்னை விட்டா யாரு பேசுவா?"

ஒப்புக்கொண்டேன்.

செப்டம்பர் 26

சர்ச் அடித்தளத்தில் முதல் கூட்டம். ஆளுக்கொரு ஆசை, ஆனால் காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியல் எட்டைத் தாண்டக் கூடாது. தூண்டில் சங்கத்து வெர்னன் மட்டி என்றாலே முகம் சுளிக்கிறார். பாலத்து வளைவை ஆழமாகத் தோண்டிக் கல் போட்டால் ட்ரவுட் மீன் பெருகும் என்பது அவர் கனவு. பட்டியலில் மட்டி தனியாக ஏறிவிட்டால் இயந்திரம் அங்கே இறங்க முடியாது; ஆறு என்று பொதுவாக இருந்தால் தடையில்லை. வாயை அடக்கிக்கொண்டு, அவர் சொன்னதையும் அப்படியே பலகையில் எழுதினேன்.

அக்டோபர் 3

ஏழு முடிவாகிவிட்டது. எட்டாவது மட்டியா, ஓக் தோப்பா? லோர்னாவைப் பார்த்தேன். எழுந்தாள்.

"மட்டி எங்க கிடக்குது? ஆத்துலதானே. ஆறுதான் ஏற்கெனவே இருக்கே. அதுல மட்டியும் அடக்கம்னு போட்டுடலாம். தனியா எதுக்கு?"

எல்லாரும் தலையாட்டினார்கள். என் கையாலேயே எழுதினேன் — ஆறு, மட்டி அடக்கம்.

அடக்கம்தான். குழி தோண்டுவது மட்டும் பாக்கி.

அக்டோபர் 4

யோசிக்காமல் சொல்லியிருப்பாளோ? லோர்னாவா, யோசிக்காமலா?

அக்டோபர் 9, வெள்ளி

மீன் வறுவல் விருந்துக்கு ஊரே கூடியிருந்தது. வெர்னன் பீரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மனதில் ஒன்றையும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். கூட்டத்தை நான் நடத்திய விதத்தைப் புகழ்ந்தார். பிறகு, எனக்குத் தெரிந்த விஷயம்தான் என்று நினைத்து, சொன்னார்:

"லோர்னா சரியாத்தான் கணக்குப் போட்டாங்க. பேனா உங்க கையில இருந்தா வாய் திறக்க மாட்டீங்கன்னு."

மீன் தட்டைத் தள்ளி வைத்தேன். அவ என்னை நம்பிக் கூப்பிடல. என் வாயைக் கட்டத்தான் கூப்பிட்டிருக்கா. நான் என்ன பண்ணினேன்? அவ கேக்கைத் தின்னுட்டு சரின்னு சொன்னேன். மட்டி ஆத்துல மட்டுமா இருக்கு?

அக்டோபர் 11

போன் செய்து கேட்டேன். மறுக்கவில்லை.

"நீ பேசியிருந்தா மட்டி ஜெயிச்சிருக்கும். வெர்னன் ஆளுங்க எழுந்து போயிருப்பாங்க. குழுவே உடைஞ்சிருக்கும்."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பியா?"

மாட்டேன்தான். அதற்காக ஏமாற்றுவதா, அதுவும் என்னை? போனை வைத்துவிட்டு அழுதேன்.

டிசம்பர் 24

வாசலில் கேக் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பறவைகளுக்குப் போட்டேன்.

மே 8

பட்டியலை மறுபடி பார்க்கும் கூட்டம். வளைவுக்கு ஜூலையில் இயந்திரம் வருகிறதாம். லோர்னா வழக்கம்போல் பேனாவை என்னிடம் நீட்டினாள். இந்த முறை நீயே நடத்து என்றேன். அத்தனை பேர் முன்னால் அவளால் மறுக்க முடியவில்லை.

வெர்னனுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து, முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். மட்டிக்காக நெடுநேரம் பேசினேன். லோர்னா வாய் திறக்காமல் எழுதிக்கொண்டிருந்தாள்.