சிங்கத்தைப் பார்க்கும் மேளம்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

இன்றைக்கும் விழுந்தோம். மூன்றாவது தடவை, அதே இடத்தில்.

எங்கள் சீனச் சிங்க ஆட்டத்தில் தலைக்குள் நீல், வாலுக்குள் நான். அவன் குதிக்கிற நேரம் பார்த்து இடுப்புப் பட்டையைப் பிடித்துத் தூக்கி என் தொடைமேல் நிறுத்த வேண்டும். துணிக்குள் குனிந்தே கிடக்கிற எனக்கு அவன் இடுப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. மேளம்தான் எனக்குக் கண். அந்த மேளம் இப்போது ஸ்பீக்கரிலிருந்து வருகிறது.

குழுவை நடத்தும் மௌரீன் அக்காவின் தம்பி லாயிட்தான் இத்தனை வருஷமும் அடித்தார். நவம்பரில் குடும்பத்தோடு டொரண்டோ போய்விட்டார். போகும்போது பழைய ஆட்டம் ஒன்றின் பதிவை அக்காவிடம் கொடுத்தார். அக்காவுக்கு அது வேதம். பெங்களூரிலேயே நான்கு தலைமுறையாக இருக்கிற சீனக் குடும்பம், பிரேசர் டவுனில் பியூட்டி பார்லர், இந்தக் குழுவை ஆரம்பித்தது அவர் அப்பா. "எங்கப்பா கத்துக் கொடுத்த அடி இது, லவி. ஒண்ணு கூட மாத்தக் கூடாது."

சீனப் புத்தாண்டுக்கு இன்னும் இருபத்துநாலு நாள். நீலுக்கு முட்டி வீங்கியிருக்கிறது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் தப்பில்லை. இல்லவே இல்லை.

ஜனவரி 8

நான் பி.டி. டீச்சராக இருக்கும் ஸ்கூலில் வேன் ஓட்டும் நரேஷ், ஒக்கலிபுரத்தில் திருவிழாவுக்கெல்லாம் தமட்டை அடிப்பவர். ஊர்ப்பக்கம் பறை என்பார்களே, அதுதான். பி.டி. பீரியட் முடிந்ததும் போய்க் கேட்டேன்.

"சிங்கத்துக்கா மிஸ்? புலி வேஷத்துக்கு அடிச்சிருக்கேன். இதுக்கும் நாலு கால்தானே?"

ஜனவரி 12, ஞாயிறு

கோபம் இன்னும் அடங்கவில்லை.

நரேஷைப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். முதலில் அரை மணி நேரம் பதிவைக் கேட்டார். பிறகு எங்களுக்கு எதிரே நின்று, நீலின் காலிலிருந்து கண்ணை எடுக்காமல் அடித்தார். நீல் தயங்கினால் மேளம் தயங்கியது. அவன் எழும்பினால் அதுவும் எழும்பியது. நான் ஒன்று இரண்டு என்று எண்ணவே இல்லை. கை தானாகத் தூக்கியது. விழவில்லை!

மௌரீன் அக்கா கைகூடத் தட்டினார். அப்புறம் சொன்னார், அவரை வைத்துக்கொண்டே: "நல்லாதான் அடிக்கிறாரு. ஆனா இது சாவுக்கு அடிக்கிறதும்மா. புது வருஷத்துக்குப் போய் எப்படி?"

நரேஷ் முகம் மாறவில்லை. "சாவுக்கும் அடிப்பேங்க்கா. கல்யாணத்துக்கும் அடிப்பேன். எதுக்குக் கூப்பிடுறாங்களோ அதுக்கு." தமட்டையைச் சாக்குப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சும்மா இருப்பேனா? ஒன்பது வருஷம் முன்னாடி, பொண்ணு சிங்கத்துக்குள்ள போகக் கூடாதுன்னு சொன்னதும் நீங்கதானே அக்கா என்றேன்.

"வால்தானேன்னு விட்டேன்."

"அப்போ உங்க வழக்கமெல்லாம் வால் வரைக்கும்தானா?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால், அவளும் சிலுவை போட்டுக்கொண்டு "அந்த மேளமா!" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை பார்த்துவிட்டு வந்த வாய்.

ஜனவரி 14

பொங்கல் லீவு. நரேஷுக்கு மூன்று தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்?

ஜனவரி 19, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைப் பத்துத் தடவை கேட்டேன். நாங்கள் விழுகிற இடத்தில் மேளம் திடீரென்று அடங்குகிறது. விளிம்பில் மட்டும் டக், டக், டக், டக். நான்கு தட்டு. அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்றுதான் இத்தனை நாள் நினைத்தோம். ஆனால் அதற்கு அடியில், மிக மெதுவாக, தொப்பென்று ஒரு சத்தம். கூடவே ஒரு பெண் குரல், "ஐயய்யோ!" அது மௌரீன் அக்கா குரல்.

அன்றைக்கு அந்தச் சிங்கம் விழுந்திருக்கிறது! அது எழுந்திருக்கட்டும் என்று லாயிட் காத்திருக்கிறார். எப்போதோ விழுந்த சிங்கத்துக்காக இந்த ஸ்பீக்கர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. அந்த நான்கு தட்டில் நாங்கள் தினமும் முட்டியை உடைத்துக்கொள்கிறோம்.

ஜனவரி 20

நேராகப் பார்லருக்குப் போனேன். ஒரு கஸ்டமருக்குப் பாதிப் புருவம் முடிந்திருந்தது. ஹெட்போனை அக்கா காதில் மாட்டிவிட்டேன். கேட்டார். திரும்பவும் வைக்கச் சொல்லிக் கேட்டார்.

"அது எங்கப்பா," என்றார். "ஷூ வழுக்கிடுச்சு. அறுபத்தஞ்சு வயசுல நான்தான் தலை தூக்குவேன்னு ஒரே பிடிவாதம்."

"லாயிட் அண்ணன் உங்க அப்பாவைப் பார்த்துதான் அக்கா நிறுத்தினாரு. இந்த ஸ்பீக்கர் யாரைப் பார்க்குது?"

"கஸ்டமர் வெயிட் பண்றாங்க. போ லவி."

சரி, போகிறேன். ஆனால் ஒன்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நரேஷ் அடிக்காவிட்டால் நான் உள்ளே போக மாட்டேன், வேறு வால் தேடிக்கொள்ளுங்கள். ஒன்பது வருஷம் குனிந்தது போதும்.

ஆட்டோவில் அழுதேன். அது வேறு விஷயம்.

ஜனவரி 22

நரேஷிடம் மன்னிப்புக் கேட்டேன், வேன் பக்கத்தில் நின்று. "நீங்க ஏன் மிஸ் கேக்குறீங்க? அந்த அக்கா வாயால கூப்பிடட்டும், வரேன்." இதில் ஒரு வார்த்தை கூட அதிகமில்லை.

ஜனவரி 27

கூப்பிடவில்லை. நானும் இறங்கிப் போக மாட்டேன்.

ஜனவரி 29, புதன், சீனப் புத்தாண்டு

ஆட்டம் பார்லருக்கு இரண்டு கடை தள்ளி ஒரு ரெஸ்டாரண்டில். லீவு போட்டேன். சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, சிங்கத்தின் மஞ்சள் பேன்ட்டையும் பையில் திணித்துக்கொண்டு போனேன். என் ரோஷம் அவ்வளவுதான்.

பார்க்கிங்கில் நரேஷ்! குத்துக்காலிட்டு உட்கார்ந்து காகிதம் கிழித்துக்கொண்டிருந்தார். "நேத்து அக்கா போன் பண்ணாங்க மிஸ். சாரி கூடச் சொன்னாங்க." காலைக் குளிரில் தமட்டையின் தோல் தொய்ந்திருந்தது. நெருப்பில் காட்டினால்தான் இறுகும். பக்கத்தில் கேஸ் சிலிண்டர் இருக்கிறது, தீ வைக்கக் கூடாது என்று செக்யூரிட்டி கத்துகிறார்.

அப்போது பார்லரிலிருந்து மௌரீன் அக்கா இறங்கி வந்தார். ஒரு கையில் ஹேர் டிரையர், மறு கையில் எக்ஸ்டென்ஷன் வயர். பட்டுச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து, கல்யாணப் பெண்ணுக்குத் தலை காய வைப்பதுபோல் தமட்டையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். "சூடு போதுமா பாருங்க நரேஷ்."

என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நின்னுட்டே இருந்தா எப்படி? பேன்ட்டை மாத்து."

நடு ஆட்டத்தில் நீலின் முட்டி மடங்கியது. என் கையிலிருந்த பட்டை சட்டென்று கீழே இறங்கியதில் தெரிந்தது. வெளியே "ஐயய்யோ!" அதே குரல். மேளம் அடங்கியது. விளிம்பில் டக், டக். நான்கோடு நிற்கவில்லை. ஏழோ எட்டோ. பட்டை மறுபடி இறுகியதும் முழு அடி இறங்கியது பாருங்கள் — தூக்கினேன். நீல் என் தொடைமேல் நின்றான். அதிர்ஷ்டத்துக்காகக் கட்டித் தொங்கவிட்டிருந்த கீரையைச் சிங்கம் கவ்வியது. எல்லோரும் விசில்.

முடிந்ததும் அக்கா வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

அடுத்த வாரம் சீனர்களின் நிலாத் திருவிழா, அதற்கும் ஆட்டம் உண்டு. பார்லரில் இருந்தோம். ஒரு ஹோட்டல் மேனேஜர் போன் செய்தார், அக்கா ஸ்பீக்கரில் போட்டார். இடம் கம்மியாம், மேளக்காரர் வேண்டாமாம், பதிவு செய்த டிராக் போட்டுக்கொள்ளலாமாம்.

அக்கா பல்லில் கடித்திருந்த நூலை எடுத்தார்.

"டிராக்கா? எங்க வழக்கத்துல அது கிடையாது சார். எங்கப்பா காலத்திலிருந்தே மேளம் சிங்கத்தைப் பார்த்துதான் அடிக்கும்."

நரேஷ் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த ரேட் கார்டைப் படித்தேன்.

"இடம் கம்மின்னா ரெண்டு டேபிளை எடுங்க," என்று சொல்லி அக்கா போனை வைத்தார்.