பதினேழு நாள் ஓடிய ஜாடி

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்றோடு ஆய்வகம் மூடல். ஆகஸ்ட் நடுவில் இத்தாலியே விடுமுறையில் இருக்கும்போது ஃபயன்ஸாவில் மட்டும் யார் வேலை செய்வார்கள்?

என் நான்காவது வில்லையும் நேற்றுச் சுடரில் வெடித்துவிட்டது. கார்பன் இழைத் துணியில் சிர்கோனியம் போரைடு கூழை இறக்கி, அழுத்திச் சுட்டெடுப்பது. பூமிக்குத் திரும்பும் விண்கலத்தின் மூக்கைக் காக்க வேண்டிய வில்லை, ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. தலைவி ஃபுல்வியா நறுக்கென்று சொல்லிவிட்டார். "செப்டம்பர் பன்னெண்டுக்குள்ள ஒண்ணாவது அஞ்சு நிமிஷம் தாங்கணும், நிவெஸ். இல்லேன்னா இந்தக் கலவைய மூட்டை கட்டிடலாம்."

ஆறு வருடம். மூட்டை கட்டவா?

கையிலிருந்த கடைசித் தூள் நேற்றிலிருந்து அரைக்கும் மில்லில் உருள்கிறது. மூடிய ஜாடி, ஆல்கஹால், சிலிக்கான் நைட்ரைடு பந்துகள். இன்று ஒன்றரைக்கு நிறுத்த வேண்டும். மூடும் நாளில் எல்லோரும் செய்வதுதான் - 'நிறுத்தியது 13:30, மொத்தம் 24 மணி' என்று காலையிலேயே பதிவேட்டை நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வாசலில் என் கணவன் துல்லியோ ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டேன் என்கிறான். கடலுக்குப் போகிறோம்.

ஆகஸ்ட் 15

செர்வியா கடற்கரை. மணல், தர்ப்பூசணி, மாமியார். வில்லையை நினைக்கவே இல்லை. பொய்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கதவைத் திறந்ததும் கடகடவென்று சத்தம். மில் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினேழு நாளாக!

உலை பார்க்கும் ஒரியானோ பதிவேட்டைப் பார்த்தார், மில்லைப் பார்த்தார். "நின்னுடுச்சுன்னு எழுதியிருக்கீங்க டாக்டரம்மா. பாவம், மில்லுக்குப் படிக்கத் தெரியல."

"சிரிக்காதீங்க ஒரியானோ."

"கொட்டிடட்டுமா?"

"வேணாம். புதுத் தூள் வர ஆறு வாரம் ஆகும்."

துணியில் ஊற்றினேன். இதுவரை மேலேயே தங்கிய கூழ் இந்த முறை இழைகளுக்குள் சரசரவென்று இறங்கியது. பதிவேட்டைத் திருத்தவில்லை. உடையப்போகிற வில்லைக்கு எதற்கு அந்த வெட்கக்கேடு?

செப்டம்பர் 12

நின்றது. நின்றதே! இரண்டாயிரம் டிகிரிச் சுடர், ஐந்து நிமிடம், ஒரு கீறல் இல்லை. ஆறாவது நிமிடம் ஃபுல்வியாவே சுடரை அணைத்தார். ஒரியானோ என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார், தாடி குத்தியது.  

செப்டம்பர் 15

பதிவேட்டைப் பார்த்து, செய்முறையை எங்களோடு இணைந்து ஆராயும் ஸ்லோவேனியக் குழுவுக்கு அனுப்பிவிட்டார் ஃபுல்வியா. அரைவை: 24 மணி. பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. ஏன்?

அக்டோபர் 21

அவர்கள் வில்லை நாற்பது நொடியில் வெடித்ததாம். "கைப்பக்குவம் போதல," என்கிறார் ஃபுல்வியா. அதை அவர்களுக்கே எழுதியும் விட்டார். சாப்பாடு இறங்கவில்லை. தப்பு என்னுது, திட்டு அவங்களுக்கு.

அக்டோபர் 22

பதினேழு நாளில் என்னதான் நடந்திருக்கும்? தூள் நைசானது மட்டும்தானா? ஒரியானோ கழுவி வைத்திருந்த பந்துகளைத் தராசில் வைத்தேன். போட்டபோது இருந்ததைவிட முப்பத்தொரு கிராம் குறைவு. எங்கே போயிருக்கும்? தேய்ந்து, தூளோடு கலந்து, என் வில்லைக்குள்! அந்தச் சிலிக்கான் நைட்ரைடுதான் துகள்களை இறுகப் பிணைத்திருக்கிறது!

மாடிப்படியில் ஓடினேன். பாதிப் படியில்தான் உறைத்தது. முப்பத்தொரு கிராமைச் சொன்னால் பதினேழு நாளையும் சொல்ல வேண்டும். சொன்னேன், மூச்சு வாங்க, இரண்டையும்.

ஃபுல்வியா நிமிர்ந்தார். "கடல்லதான இருந்த?"

"நிறுத்தாமலே நிறுத்தினதா எழுதிட்டுப் போயிட்டேன்."

"திருத்து. இப்பவே, தேதியோட." பேனாவை நீட்டினார். "அவங்களுக்குக் கை சரியில்லன்னு எழுதியிருக்கேன் நிவெஸ். மன்னிப்புக் கடிதம் நீதான் எழுதற." கதவருகே மறுபடி கூப்பிட்டார். "முப்பத்தொண்ணா? நல்லாப் பார்த்தியா?"

"மூணு தடவை."

அப்போதுதான் சிரித்தார்.

அக்டோபர் 23

கடிதம் போய்விட்டது. நான்கு முறை கிழித்து எழுதினேன். பதினேழு நாள் அரைக்கத் தேவையில்லை, பந்துகள் தேய்ந்த அளவுக்குச் சிலிக்கான் நைட்ரைடுத் தூளையே சேர்த்து ஒரு நாள் அரைத்துப் பாருங்கள் என்று யோசனையும் சொல்லியிருக்கிறேன். சரியாக இருக்க வேண்டுமே.

டிசம்பர் 4

ஸ்லோவேனியா: ஏழு நிமிடம்!! நம்முடையதைவிட ஒரு நிமிடம் அதிகம். பொறாமையாகவும் இருக்கிறது, குதிக்கவும் தோன்றுகிறது. கலவைக்கு இன்னும் மூன்று வருடத்துக்குப் பணம் கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 7, வெள்ளி

மூடும் நாள். மணி ஒன்று இருபது. ஒரியானோவைத் தவிர எல்லோரும் போய்விட்டார்கள். மில் பக்கத்தில் நாற்காலி போட்டு இதை எழுதுகிறேன். துல்லியோ ஹாரன் அடிக்கிறான்.

"நீங்க போங்க, நான் நிறுத்திடறேன்," என்றார் ஒரியானோ, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.

"வேணாம். பத்து நிமிஷம்தான்."

பையை இறக்கி வைத்துவிட்டு அவரும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டார். பதிவேட்டில் 'நிறுத்தியது' என்ற கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.