அப்பாவின் பெட்டிக்கும் ஒரு விளக்கு

ஹான்காக், மிச்சிகன்
பிப்ரவரி, திங்கட்கிழமை

அன்புள்ள கைசா,

நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம், நீயும் அந்த அரிசோனா வெயிலில் அப்படியே இருக்க வேண்டும். நலம் என்பதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது, பதறாமல் படி. நீ செய்து அனுப்பிய ஜோடிப் பெட்டிகளில் ஒன்றை அப்பாவின் சட்டைப் பையிலும் மற்றதைச் சமையலறை ஜன்னலிலும் வைத்திருந்தேன். நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும், ஒரு வாரம் சோதித்தேன். அவர் தபால்பெட்டியைத் தாண்டினால் என் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது, திரும்பினால் எரிந்தது. அவருக்கு ஞாபகம் தப்பத் தொடங்கிய பிறகு நான் நிம்மதியாக உட்கார்ந்ததே அந்த விளக்கைப் பார்த்துத்தான்.

சனிக்கிழமை வழக்கம்போல் தோட்டத்து சவுனாக் குடிலில் நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டினோம். நான் முதலில் குளித்துவிட்டு வந்து காபி போட்டேன். அவர் உள்ளே இருந்தார், விளக்கு எரிந்தது. சூடு ஏறியதும் வெளியே வந்து பனியில் நிற்பது அவர் வழக்கம்தானே, அன்று நின்றவர் திரும்ப மறந்து ஏரிப் பக்கம் நடந்துவிட்டார். சவுனாவுக்குள் யார் சட்டையோடு போவார்கள்? சட்டை சவுனாவின் முன்னறை ஆணியில் தொங்கியது, அதன் பையில் பெட்டி. சட்டை அருகில் இருப்பதைத்தான் விளக்கு சொன்னது, நான் அவர் இருப்பதாக எடுத்துக்கொண்டேன். உறைந்த ஏரிமேல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டுவேன், "ஏம்ப்பா வேய்ன், மீனைப் பயமுறுத்தவா இந்தக் கோலத்துல கிளம்பினே?" என்று கேட்டபடியே அப்பாவுக்குத் தன் கோட்டைப் போர்த்தி வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் டுவேனின் சிரிப்பும் போய்விட்டது. கால்விரல்கள் பிழைத்துவிட்டன என்கிறார் டாக்டர்.

உன்மேல் குற்றம் இல்லை, சனிக்கிழமைதோறும் சவுனாவில் வளர்ந்த நாம் இருவருமே சட்டையை யோசிக்கவில்லை. கணுக்காலில் கட்டும்படி மாற்றித் தா. அந்தச் சூட்டை பேட்டரி தாங்குமா என்று எனக்குச் சந்தேகம், பார்த்துச் செய். இன்னொன்று. நேற்று அவர் தெளிவாக இருந்தபோது நடந்ததைச் சொன்னேன். தன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் கிட்ட இருக்கேன்னு உனக்கு விளக்கு எரியுது. நீ கிட்ட இருக்கேன்னு எனக்கு யாரு சொல்றது?" என்றார். பேட்டரி நெடுநாள் வரட்டும் என்றுதான் நீ அதில் விளக்கு வைக்கவில்லை என்று விளக்கினேன். கணக்கு சரிதான், ஆனால் ஏரியில் அவர் வீட்டைத் தேடவில்லையாம், என்னைத் தேடினாராம்.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால் தீரட்டும், மாற்றுவதற்கு நான் இருக்கிறேன். கடவுள் உன்னைக் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. அவர் பெட்டியிலும் ஒரு விளக்கு வைக்க மறந்துவிடாதே, பச்சையாகவே இருக்கட்டும். என்னுடையதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அந்த நிறம் பழகியிருக்கிறது.

உன் அம்மா,
ரூத்