மெயினை இறக்காத வெள்ளிக்கிழமை

1973 அக்டோபர் 3, புதன்

இன்றும் மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. அணையில் தண்ணீர் குறைவாம். ஒயர்மேன் வீட்டிலேயே பனையோலை விசிறி! தங்கை நஸ்ருன்னிசா நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். அவள் கைக்கு உப்பு எப்போதும் ஒரு கல் கூடத்தான்.

அக்டோபர் 8, திங்கள்

தி.நகர் சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் டீசல் ஜெனரேட்டர் மாட்டினேன். தீபாவளி வியாபாரம் கெட்டுவிடக் கூடாதாம். தெரு லைனும் ஜெனரேட்டரும் ஒன்று சேராமல் தடுக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மெட்ராஸில் எங்கும் இல்லை. கோயம்புத்தூருக்கு எழுதியிருக்கிறேன். அதுவரை எல்லாம் கையால்தான்: முதலில் மெயினை இறக்கு, பிறகு இன்ஜினை ஓட்டு. மறந்தால் கடைக் கரண்ட் திரும்பித் தெருக் கம்பியில் ஏறிவிடும். அட்டையில் எழுதியும் மாட்டினேன்.

இன்ஜின் ஓட்டப்போகும் வைரவன் தலையைச் சொறிந்தான். "பாய், வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துல மெயினை இறக்க முடியாதுல்லா. லெச்சுமி வர்ற நேரம்னு அண்ணாச்சி வைவாவ."

சிரித்துவிட்டேன். கட் மதியம்தானே, விளக்கு வைக்கும் நேரம் எங்கே குறுக்கே வந்தது?

இதற்கு மின்வாரியத்தில் அனுமதி வாங்கவில்லை. "யார்ட்டயும் மூச்சு விடாதீரும்வே" என்றார் அண்ணாச்சி.

அக்டோபர் 14, ஞாயிறு

நஸ்ருன்னிசா வீட்டில் நோன்பு திறந்தேன். அவள் புருஷன் ஷரீஃப் லைன்மேன். தி.நகரில் பழைய மெல்லிய கம்பிகளை அவிழ்த்துவிட்டுத் தடித்த அலுமினியக் கம்பி இழுக்கிறார்கள். கட் நேரம்தான் அவர்களுக்கு வேலை நேரம். கம்பியைத் தரையோடு கட்டும் எர்த் செயின் இருந்தால், எங்கிருந்தாவது திரும்பி வரும் கரண்ட் ஆளைக் கொல்லாது. இரண்டு கோஷ்டிக்கும் சேர்த்து இருப்பது ஒரே செயின்.

"பாதி பஜாருக்கு ஒயரிங் நீதானே மச்சான். எந்தக் கடையில ஜெனரேட்டர் கீதுன்னு சொல்லு. அங்க ஏறும்போது செயினை நான் வாங்கி வச்சிக்கறேன்."

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்லை" என்றேன். நோன்பு திறந்த பேரீச்சம்பழம் இன்னும் வாயில் இருந்தது.

அக்டோபர் 17, புதன்

கட் நேரத்தை மாற்றிவிட்டார்கள். நாளை முதல் மாலை ஐந்திலிருந்து ஏழு. வைரவனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஷரீஃபிடமும்தான். நாளைக்கு.

அக்டோபர் 19, வெள்ளி

ஷரீஃப் போய்விட்டார்.

அக்டோபர் 21, ஞாயிறு

நேற்று அடக்கம் செய்தோம்.

அண்ணாச்சி கடை வாசல் கம்பத்தில்தான். ஆறு மணிக்குச் சற்று முன்பு. உள்ளே சாமி படத்துக்கு விளக்கேற்றியிருக்கிறார்கள், வைரவன் மெயினைத் தொடாமல் இன்ஜினை ஓட்டியிருக்கிறான். செயின் தெருவின் மறுகோடியில், மற்ற கோஷ்டியிடம் இருந்தது. எந்தக் கடையிலும் ஜெனரேட்டர் இல்லை என்று நான்தானே சொன்னேன்?

அவர் சட்டைப் பையில் இரண்டு பேரீச்சம்பழம், தாளில் சுற்றி.

அய்யோ அல்லா, நான் இன்னா பண்ணிட்டேன்! 'நாளைக்கு'ன்னு எழுதி வச்சிருக்கேனே — வியாழக்கிழமை பூரா ஊட்லதானே கிடந்தேன்? ஒரு எட்டு சைக்கிளை மிதிச்சிருந்தா...

நவம்பர் 2, வெள்ளி

அண்ணாச்சி ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டார். "செத்தவன் திரும்பியா வரப் போறான் பாய்? வெளிய தெரிஞ்சா உம்ம லைசென்ஸும் போயிரும்வே." சொல்லிவிட்டு அவரே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அது நடிப்பில்லை. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 9, வெள்ளி

நஸ்ருன்னிசா இத்தாவில் இருக்கிறாள், நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் யாரும் பார்க்கக் கூடாது. கூடப்பிறந்தவன் என்பதால் உள்ளே போய்ப் பார்க்கலாம். போகாமலே இருந்திருக்கலாம்.

"நோன்பு தொறக்கற அவசரத்துல செயின் கட்டாம ஏறிட்டாருன்னு விசாரணைக்கு வந்தவங்க எழுதிக்கினு போயிட்டாங்கண்ணே. பதினாலு வருஷமா கம்பம் ஏறினவரு. அவரு அப்படிப்பட்ட ஆளா? நீயே சொல்லு."

வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். த்தூ! நானும் ஒரு அண்ணன்.

நவம்பர் 12, திங்கள்

விசாரணை செய்யும் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜெனரேட்டரை மாட்டியது நான், ஷரீஃப் கேட்டபோது இல்லை என்று சொன்னதும் நான். லைசென்ஸையும் மேசைமேல் வைத்தேன்.

அங்கிருந்து நேரே அவளிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. குரல்கூட உயரவில்லை.

"அவசரம்னு எழுதினதை மாத்திடுவாங்களா?"

"மாத்துவாங்கம்மா."

"சரி. நீ போ."

1974 ஜனவரி 8, செவ்வாய்

மாற்றி எழுதிவிட்டார்கள். ஷரீஃப் மேல் தவறில்லை. இனி ஒவ்வொரு கோஷ்டிக்கும் தனிச் செயினாம்.

கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வந்திருக்கிறது. சுவிட்ச்சாகத்தான் இருக்கும். பிரிக்கவில்லை.

செப்டம்பர் 18, புதன்

முதல் நோன்பு. கஞ்சி வரவில்லை. வரும் என்று நினைக்கவும் இல்லை, தூக்குவாளியை மட்டும் கழுவி வைத்திருந்தேன்.

பள்ளிவாசலில் கரீமுல்லாவைப் பார்த்தேன். அவனும் ஒயர்மேன்தான். நேற்று நஸ்ருன்னிசா வீட்டில் ஃபியூஸ் போய், அவனைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"உன் தங்கச்சி மெயினைத் தன் கையாலயே இறக்கிச்சு பாய். நான் ஏணியை விட்டு எறங்கற வரைக்கும் அது மேலேர்ந்து கையை எடுக்கவே இல்ல. பாங்கு சொல்லிட்டாங்க, தொழுகைக்குப் போ, நான் பாத்துக்கறேன்னேன். நீ எறங்குண்ணே, அப்புறம் போறேன்னுச்சு."

அவள் கல்யாணத்தின்போது நான் மாட்டிக் கொடுத்த மெயின் அது.