பேட்டரி கழற்றாமல் கொடுத்த கீபோர்டு

அப்பா,

ஆயுத பூஜைக்காகப் பிரஸ்ஸைக் கழுவிவிட்டபோது பரணில் அந்தக் கீபோர்டு அடாப்டர் கிடைத்தது. பழைய அச்சுப் பிளேட்டுகளுக்குப் பின்னால், வெட்டித் தள்ளிய சங்குசக்கர லேபிள் தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தீர்கள். வயர் முனையில் நான் சுற்றியிருந்த கறுப்பு டேப் பிசுபிசுத்துப் போய்க் கையில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம், உங்கள் சட்டையில் இருந்த அதே வாசம். "போய்ச் சேந்த மனுசன்கிட்ட இன்னும் என்னத்துக்குச் சண்ட?" என்று அம்மா கேட்கிறாள். இதைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடாமல் எப்படி இருப்பது?

நான் பத்தாவது முடித்த கோடையில் அந்தக் கீபோர்டு வந்தது. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். மதுரைக்குப் பேப்பர் எடுக்கப் போனவர், லோடு வண்டியில் பேப்பருக்கு மேல் கீபோர்டுப் பெட்டியைப் படுக்கவைத்துத் திருத்தங்கலுக்குக் கொண்டுவந்தீர்கள். டிவியில் ஒரு பெண் வாசிப்பதை நான் வாய் பிளந்து பார்த்ததை என்றைக்கோ கவனித்திருக்கிறீர்கள். நான் கேட்கவேயில்லை. "பட்டாசு சீசனுக்கு முன்னாடி இம்புட்டுச் செலவா?" என்று அம்மா முறைத்தாள். "கீழ எம் மெசின் கத்துதுல்ல, மேல அவ மெசினும் கத்திட்டுப் போகட்டும்" என்றீர்கள். பெட்டியையும் தெர்மாகோலையும் அம்மா கசங்காமல் பரணில் ஏற்றினாள்.

எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. "எந்த மெசினா இருந்தாலும் மொதல்ல அதுக்கு எப்ப கோவம் வரும்னு பாரு" என்று உங்கள் ஆப்செட் மெஷினைப் பற்றிச் சொல்வீர்களே, அதைப் பிடித்துக்கொண்டேன். கீபோர்டுக்குக் கோபம் கரண்டால் வந்தது. கீழே மெஷின் கிளம்பும்போது மேலே ட்யூப் லைட் சிமிட்டும், இது அணைந்து எழும். எழும்போது நான் ஏற்றிவைத்த சுருதியை மறந்திருக்கும். தெரியாமல் வாசித்தால் பாட்டு வேறு வீட்டுப் பாட்டாகிவிடும். அட்டையில் நூறு வாத்தியம் என்று போட்டிருந்தது. உருப்படியானவை ஒரு கை விரலுக்குள் அடங்கும். புல்லாங்குழல் என்று அமுக்கினால் கண்டக்டர் விசில் வரும். ஆனால் வயலினில் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் போதும், கேட்கிறவர்கள் செய்கிற வேலையை விட்டுவிடுவார்கள். வாங்கிய மாதமே உங்கள் டீ கொட்டி நடுவில் ஒரு கறுப்புக் கட்டை மந்தமாகிப் போனது. நுனியில் அழுத்தினால் சும்மா இருக்கும். உள்ளே தள்ளி, கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து அழுத்தினால்தான் வாயைத் திறக்கும். "உங்கம்மா மாதிரில்ல இருக்கு" என்று நீங்கள் சொல்லப்போய், அன்றைக்கு உங்களுக்குச் சாப்பாடு தாமதமானது.

அதற்கு ஞாபகம் ஒரே ஒரு பாட்டுக்குத்தான். வாசித்ததைப் பதிந்துகொள்ளும், பேட்டரி இருந்தால் அணைந்து எழுந்தாலும் அதை மட்டும் மறக்காது. கரண்டும் போய், பேட்டரியும் இல்லையென்றால் சுத்தமாகத் துடைத்துவிடும். அதனால் அதன் வயிற்றில் எப்போதும் தடித்த பேட்டரிகள் கிடக்க வேண்டும். தீர்வதற்கு முன்னால் நீங்களே வாங்கிவந்து மாற்றுவீர்கள். அந்த ஒரே இடத்தில் நான் என் பாட்டை வைத்திருந்தேன். கீழே மெஷின் தாள் தாளாக விழுங்கும் அடிக்கு ஏற்ற மாதிரி நானே போட்ட மெட்டு, வயலினில். தட்டுத்தடுமாறி முடித்ததும் உங்களை மாடிக்குக் கூப்பிட்டேன். மைக் கறையோடு கையைத் தூக்கிப் பிடித்தபடி வாசலிலேயே நின்று கேட்டீர்கள். "ஏ புள்ள, இது நம்ம மெசின் ஓடுற ஓட்டம்ல!" என்றீர்கள். திரும்பவும் போடச் சொன்னீர்கள். கீழேயிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் நீங்கள் நகரவில்லை.

நான் ப்ளஸ் டூ படித்த வருடம், விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த அண்ணாச்சி, நம் பிரஸ்ஸுக்குச் சோறு போட்டவர், லேபிள் ஆர்டரைக் குறைத்துக்கொண்டே வந்தார். வேறு பெரிய பிரஸ் அவரைச் சுற்றி வருவதாகப் பேச்சு. வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அப்போது ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், நீங்கள் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

"அந்தக் கட்டையச் சரி பண்ணிட்டு வாரேன் தாயி. மதுரையில ஆள் இருக்கு."

"பேட்டரிய மட்டும் கழட்டிராதீகப்பா. எம் பாட்டு அழிஞ்சிரும்."

"கழட்டுவேனா?"

பரணிலிருந்து பெட்டியை இறக்கினீர்கள். ரிப்பேருக்குப் போகிற சாமானுக்குத் தெர்மாகோல் எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் சொன்னால் அதற்கு மறுபேச்சு ஏது?

அப்புறம் எத்தனை சாக்கு! ஸ்பேர் வரவில்லை. ஆள் ஊரில் இல்லை. அடுத்த லோடுக்குப் போகும்போது பார்க்கலாம். நானும் பள்ளிக்கூட மேசையில் விரலை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தேன், கை மறந்துவிடக் கூடாதே என்று. நினைத்தால் இப்போதும் எரிகிறது.

சீசன் சூடுபிடித்த சமயம், "அண்ணாச்சி வீட்டுப் பாப்பா கீபோர்டு பழகுதாம். எப்பிடின்னு கொஞ்சம் காட்டிக் குடுத்துட்டு வருவோம் வா. அவுக வீட்டம்மா கூப்பிட்டாக" என்றீர்கள். சிவகாசி போகும் வரை வண்டியில் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. காற்றில் காது கேட்காது என்று பேசாமல் வருகிறீர்கள் என நினைத்துக்கொண்டேன்.

ஏசி அறையில், ஸ்டாண்டு மேல், பூப்போட்ட துணி மூடி வைத்திருந்தார்கள். நம்முடைய மாடல்தான். கடையில் எத்தனையோ விற்றிருப்பார்கள் என்று உட்கார்ந்தேன். விரலை ஓட்டினேன். நடுவில் ஒரு கறுப்புக் கட்டை பேசவில்லை. என் விரல் என்னைக் கேட்காமலே உள்ளே தள்ளி, இடப்பக்கம் சாய்த்து அழுத்தியது. சத்தம் வந்தது. திரும்பி உங்களைப் பார்த்தேன். நீங்கள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நம் பிரஸ்ஸில் நீங்களே அடித்த காலண்டர்.

"எனக்கு இந்தக் கட்ட மட்டும் பேசவே மாட்டேங்குதுக்கா. உங்களுக்கு எப்பிடிப் பேசுச்சு?" என்றாள் அந்தச் சின்னப்பெண்.

"புதுசுல்ல பாப்பா, பழகப் பழகச் சரியாயிரும்" என்று முந்திக்கொண்டு சொன்னீர்கள்.

புதுசு! புதிதாக வாங்கிய பரிசு போல அண்ணாச்சி வீட்டுக்குக் கொடுக்கத்தான் அந்தப் பெட்டி என்று அப்போதுதான் விளங்கியது. டேப் சுற்றிய அடாப்டர் காட்டிக்கொடுத்துவிடும் என்று வேறொன்று வாங்கி வைத்திருந்தீர்கள். பழையதைத் தூக்கி எறியாமல் நூல் போட்டுக் கட்டி வைத்தீர்களே, அது எதற்கு? அதற்கும் பதில் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

"இதுக்குள்ளயே ஒரு பாட்டு இருக்குக்கா, தெனமும் போட்டுக் கேப்பேன்" என்று அவள் பட்டனை அமுக்கினாள். என் பாட்டு. எனக்குச் சொன்னதில் அந்த ஒன்றை மட்டும் காப்பாற்றியிருந்தீர்கள், பேட்டரியைக் கழற்றவில்லை. காபித் தட்டோடு வந்த வீட்டம்மா அப்படியே நின்று கேட்டார்கள். "எம்புட்டு நல்லா இருக்கு! யாரு போட்டதோ?" என்றார்கள்.

நான் உங்கள் வாயையே பார்த்தேன். கீபோர்டு போகட்டும், ரிப்பேர் என்ற பொய்யும் போகட்டும். அந்த நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது உங்களிடமிருந்து ஒரு வார்த்தை.

"அது கம்பெனியிலயே போட்டு அனுப்புறதுங்க" என்றீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

நான் காபியைக் குடித்தேன். பிறகு அந்தப் பெண்ணுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கறுப்புக் கட்டையை எப்படிச் சாய்ப்பது, கரண்டு போய் வந்தால் சுருதியை எங்கே பார்ப்பது, எந்த வாத்தியத்தின் பக்கமே போகக் கூடாது, எல்லாம். கிளம்பும்போது, "பேட்டரிய மட்டும் கழட்டிராத பாப்பா, அந்தப் பாட்டு போயிரும்" என்றேன். நீங்கள் அதற்குள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தீர்கள்.

வழியில் பரோட்டாக் கடையில் வண்டியை நிறுத்தினீர்கள். "சீசன் முடியட்டும் தாயி, இதவிடப் பெருசா ஒண்ணு வாங்குவோம்" என்றீர்கள். எனக்குப் பசி. சாப்பிட்டேன். சாப்பிட்டேனே என்று அதற்கும் சேர்த்து உங்கள் மேல்தான் கோபம்.

ஆர்டர் திரும்பி வந்தது. என் காலேஜ் படிப்பு அதில்தான் ஓடியது என்று எனக்குத் தெரியாதா? வீட்டு நிலைமையைச் சொல்லிக் கேட்டிருந்தால் அழுதுகொண்டாவது நானே தூக்கிக் கொடுத்திருப்பேன் அப்பா. நீங்கள் கேட்கவில்லை. என் பாட்டுக்கு முன்னாலேயே என்னை யாரோ ஆக்கிவிட்டீர்கள். நீங்கள் படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் கஞ்சி ஊட்டும்போதெல்லாம் காத்திருந்தேன், இப்போதாவது அதைப் பற்றிப் பேசுவீர்கள் என்று. பேப்பர் வந்துச்சா, மழைக்கு லேபிள் காஞ்சுச்சா என்று கேட்டீர்கள். வந்துச்சுப்பா, காஞ்சுச்சுப்பா என்றேன்.

பிரஸ்ஸை இப்போது நான்தான் பார்க்கிறேன். டிசைன் வேலைக்குத் தங்கம் என்றொரு பெண் இருக்கிறாள், கல்யாணமாகி ஆனைக்குட்டத்துக்கு வந்தவள், பஸ்ஸில் வந்து போகிறாள். போன வாரம் ஒரு கம்பெனி முதலாளி வந்து, புது மத்தாப்புப் பெட்டியின் படத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டிசைனரு எந்தூரு, மெட்ராசா?" என்று கேட்டார். ஆமாம் என்றால் மதிப்பு ஏறும். நீங்களாக இருந்தால் ஆமாம் என்றிருப்பீர்கள்.

"தங்கம் போட்டது அண்ணாச்சி. அங்கன உக்காந்திருக்கு பாருங்க, அந்தப் பிள்ளதான்" என்றேன்.

"நம்மூருப் பிள்ளையா?" என்று அவர் உடனே பேரத்தில் இறங்கிவிட்டார். நான் அவரைக் கவனிக்கவில்லை. தங்கம் எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்து, துப்பட்டாவை இழுத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அந்த ஏசி அறையில் "எம் மக போட்டதுங்க" என்று நீங்கள் சொல்லியிருந்தால் என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும், அப்பா. நீங்கள் அதைப் பார்க்காமலே போய்விட்டீர்கள்.