துலுக்காத ஆடு

சோளக்காடு,
4-12-1936.

அன்புள்ள தம்பி குழந்தைசாமிக்கு,

கொல்லிமலையிலிருந்து உன் அக்கா மாதம்மாள். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே. எட்டு வருஷமாக நான் போட்ட பொங்கல் கடிதம் எதற்கும் நீ பதில் போட்டதில்லை. இது பொங்கல் கடிதம் இல்லை. உன் தொழிலைத் தேடி வருகிற கடிதம்.

மிளகு வியாபாரி மாணிக்கம் சேலத்துக்குக் கொண்டு வரும் கூடையில் ஓர் ஆடு இருக்கும். உயிருள்ளது இல்லை. இங்கே காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை சீமைக்குத் திரும்பியபோது, அவருடைய தாயார் எங்கள் ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கென்று கொடுத்துவிட்டுப் போனது. விக்டோரியா ராணி காலத்தில் அந்த அம்மாள் சிறுமியாக வைத்து விளையாடியதாம். நிஜமான குட்டித்தோல் போர்த்தியிருக்கிறது. வயிற்றில் சாவி கொடுத்தால் நாலடி நடக்கும், ஒரு தரம் கத்தும், பிறகு தலை முதல் வால் வரை உடம்பைச் சிலுப்பும்.

சிலுப்புவதைப் பார்த்ததும் மலைப் பிள்ளைகள் விடுவார்களா? மாலை போட்டுத் தண்ணீரை ஊற்றி, "துலுக்கிருச்சு, சாமி உத்தரவு குடுத்திருச்சு!" என்று ஒரே கூத்து. ஊற்றிய தண்ணீரெல்லாம் உள்ளே இறங்கிவிட்டது. இப்போது அது அசையவில்லை. கடிகாரம் பழுது பார்க்கிற உன் கைக்கு இது பெரிய வேலை இல்லை.

எனக்கு இங்கே பிரசவ வேலைதான் அதிகம். ஆலத்தூர் நாட்டிலிருந்து பொன்னாயி என்று ஒரு பெண் வந்து போகிறாள். போன வருஷம் மூன்று நாள் வலித்து, குழந்தை செத்துப் பிறந்தது. இடுப்பு எலும்பு அவ்வளவு குறுகல். மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். மாசி பிறக்கும்போது நாள். அதற்குள் சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
மாதம்மாள்


சேலம்,
11-12-1936.

அக்காவுக்கு,

கூடை வந்தது. திறந்து பார்த்தேன். ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறது, உடையவில்லை. கத்துவதற்கு உள்ளே ஒரு தோல் துருத்தி இருக்கிறது. அதை எலி கடித்திருக்கிறது. நடக்க ஒரு சக்கரம், சிலுப்ப ஒரு சக்கரம். செய்தவன் கெட்டிக்காரன். அறுபது வருஷம் கழித்தும் ஒரு பல்கூடத் தேயவில்லை.

மூன்று வாரம் ஆகும். கூலி வேண்டாம்.

நீ எழுதிய இரண்டு பக்கத்தில் ஆடு ஒரு பக்கம்தான். மிச்சத்தை ஏன் எனக்கு எழுதினாய் என்று தெரியவில்லை.

குழந்தைசாமி


சோளக்காடு,
24-12-1936.

அன்புள்ள தம்பிக்கு,

ஏன் எழுதினேன் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

இந்த மலை நாட்டில் பிள்ளைத்தாய்ச்சி மலையை விட்டு இறங்குவதென்றால் சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும். கோயில் முன்னால் ஆட்டை நிறுத்தி, முதுகில் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பித் துலுக்கினால் போகலாம். மூன்று செவ்வாய்க்கிழமை கேட்கலாம். மூன்றும் தவறினால் போகக் கூடாது. பொன்னாயிக்காக இரண்டு தரம் கேட்டாயிற்று. எட்டாம் தேதியும் துலுக்கவில்லை. முந்தாநாளும் துலுக்கவில்லை. கடைசித் தடவை தை முதல் செவ்வாய், ஜனவரி 19.

புருஷன் சின்னுசாமி அழைத்துப் போகத் தயார். மாமியார் அத்தாயிதான் அசைய மாட்டேன் என்கிறாள். "உத்தரவில்லாம எல்லையத் தாண்டி அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் யாருகிட்டப் போயி நிப்பேனுங்க?" என்கிறாள். நான் எலும்பைப் பற்றிச் சொல்கிறேன், படம் போட்டுக் காட்டுகிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க படிச்சவிங்க" என்று எழுந்து போய்விடுகிறாள்.

நேற்று சந்தையில் ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி என்னை நிறுத்தினார். "ஏனுங்க நர்சம்மா, உங்க தோலாடு எங்கீங்க?" என்றார். பழுது பார்க்கப் போயிருக்கிறது என்றேன். தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே, "ஆட்டக் கொண்டாந்து நிறுத்தோணும்னுதான் வழக்கம். அது புல்லுத் திங்கோணும்னு யாரும் சொல்லலீங்க" என்றார். கேலியா, வழியா என்று முகத்தில் தெரியவில்லை. ஆனால் போகும்போது திரும்பிப் பார்த்து, "பத்தொம்பதாந் தேதிங்க" என்றார்.

தம்பி, அது தவறாமல் துலுக்க வேண்டும். பதினைந்தாம் தேதிக்குள் என் கைக்கு வர வேண்டும். ஓர் உயிர் இல்லை, இரண்டு.

அக்கா
மாதம்மாள்


சேலம்,
2-1-1937.

அக்காவுக்கு,

ஆட்டை மாணிக்கத்திடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நடக்கும். கத்தும். துலுக்காது. துலுக்கும் சக்கரத்தைக் கழற்றி என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.

1928 ஆடியில் நம் வீட்டு வாசலில் ஓர் ஆடு நின்றது. உள்ளே என் ராசாமணி பிரசவ வலியில் கிடந்தாள். வண்டி பூட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உத்தரவு கேட்டார் அப்பா. ஒரு பகலும் ஓர் இரவும் கேட்டார். துலுக்கவில்லை. மதராஸில் படித்து, வெள்ளைச் சேலை கட்டிய நர்சு ஒருத்தி தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். விடிந்தபோது வண்டி தேவைப்படவில்லை.

அதே கூத்துக்கு என் கையாலேயே சக்கரம் மாட்டித் தரச் சொல்கிறாய். பொய் ஆட்டை வைத்து அந்தப் பெண்ணை இறக்கிவிடுவாய். அடுத்த பெண்ணுக்கு? ஆடு சொன்னால்தான் வண்டி என்பதை நீயே இன்னும் அழுத்தமாக நாட்டிவிட்டு வருவாய். வாயைத் திறந்து சொல். போலீஸைக் கூட்டிக்கொண்டு போ. என்னால் இது ஆகாது.

குழந்தைசாமி


சோளக்காடு,
7-1-1937.

தம்பி,

சொம்பைப் பிடித்தது நான்தான். கைகூட நடுங்கவில்லை. அப்பாவை எதிர்த்துப் பேச முப்பத்தைந்து வயதில் எனக்குத் தைரியம் இல்லை. ராசாமணி ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏன் இந்த மலைக்கு வந்தேன், ஏன் இறங்குவதே இல்லை என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை.

வாயைத் திறக்கச் சொல்கிறாய். மூன்று மாதமாகத் திறந்துகொண்டுதான் இருக்கிறேன். போலீஸ் மலையேறி வந்தால் இனி ஒரு பெண்ணும் என் வாசலை மிதிக்க மாட்டாள்.

உன் கோபத்தை என்மேல் வைத்துக்கொள். பொன்னாயிமேல் வைக்காதே. சக்கரத்தை அனுப்பு.

மாதம்மாள்


சோளக்காடு,
14-1-1937.

தம்பி,

மாணிக்கம் வெறுங்கையோடு வந்தான். பொன்னாயிக்குக் கால் வீங்கியிருக்கிறது. இன்னும் ஐந்து நாள். தபால்காரர் மலையேறும் பாதையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாதம்மாள்


சோளக்காடு,
23-1-1937.

அன்புள்ள தம்பிக்கு,

சக்கரம் வரவில்லை. நீ அனுப்ப மாட்டாய் என்று பதினெட்டாம் தேதி மாலைதான் எனக்கு உறைத்தது. இருந்தும் ஆட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

முதலில் நிஜ ஆட்டைக் கொண்டுவந்தார்கள். கறுப்புக் கிடா. மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். அது கழுத்து மாலையைத் தின்றுகொண்டு நின்றது. மறுபடி ஊற்றினார்கள். காதைக்கூட அசைக்கவில்லை. பொன்னாயி வேலியோரம் உட்கார்ந்திருந்தாள். அவளும் ஆட்டைப் பார்க்கவில்லை, தம்பி. என்னையே பார்த்தாள்.

கவுண்டர் என் பக்கம் திரும்பி, "உங்க ஆட்டையும் உடுங்க நர்சம்மா. அதையும் ஒரு வார்த்த கேட்டுப்போடலாம்" என்றார். பாறைமேல் வைத்துச் சாவி கொடுத்தேன். அவர் தண்ணீர் தெளித்தார். நாலடி நடந்தது. கத்தியது. நீ புதுத் தோல் போட்டிருக்கிறாய் போலிருக்கிறது, தாயைத் தேடும் குட்டி மாதிரியே கத்தியது. பிறகு நின்றுவிட்டது.

"இதுக்கும் உத்தரவு இல்லீங்கோ!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். 

அப்போதுதான் அந்தக் கிடா மாலையை வாயிலிருந்து விட்டது. தலையைத் தூக்கிப் பொம்மையைப் பார்த்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. தலையிலிருந்து வால்வரை துலுக்கியது பார், மஞ்சள் தண்ணீர் அத்தாயி முகமெல்லாம் தெறித்தது.

 பிறகு ஒருவன், "பொம்ம கத்துனதுக்கில்ல துலுக்குச்சு? இது கணக்குல வருமா?" என்றான்.

அத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எதுக்குத் துலுக்குனா உனக்கென்னடா? துலுக்கிருச்சு. டோலியத் தூக்குங்கடா!" என்று போட்டாள் ஒரு சத்தம். அவளுடைய மூட்டை வேலிக்குப் பின்னால் ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது.

அடிவாரத்துக் காரவள்ளி வரை நானும் கூட இறங்கினேன். பாதையில் அத்தாயியிடம் கேட்டேன்: என் ஆடு துலுக்கியிருந்தால் அனுப்பியிருப்பாயா? "மாட்டேனுங்க. சாவி குடுத்தா எதுதாங்க துலுக்காது?" என்றாள்.

ஆகவே, பொம்மை துலுக்கிக் காரியத்தைக் கெடுக்காமல் நீ கழற்றி வைத்ததுதான் பொன்னாயியை இறக்கியது. இதை உனக்கு எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. நீ செய்தது சரி என்று சொல்லவும் வரவில்லை. சக்கரத்துக்காகக் காத்திருந்த அந்தப் பன்னிரண்டு நாளை நான் மறக்க மாட்டேன்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு, இங்கே இன்னொரு பிரசவத்துக்காகத் திரும்பிவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள். உன் கடையிலிருந்து நடக்கிற தூரம். அவர்களுக்கு அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. போய்ப் பார்.

அக்கா
மாதம்மாள்


சேலம்,
16-2-1937.

அக்காவுக்கு,

மூன்று நாள் அந்த ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். நாலாம் நாள் உள்ளே போனேன். நான் யாரென்று சொன்னதும் அத்தாயி, "ஆட்டு வைத்தியரு வந்துட்டாருங்க" என்று வார்டே கேட்கச் சொன்னாள். அதற்குப் பிறகு தினமும் போகிறேன்.

பதினொன்றாம் தேதி வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பெண் குழந்தை. பொன்னாயிக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது. இப்போது கஞ்சி குடிக்கிறாள். ராசாமணியைக் கொண்டுவந்திருந்தால் எந்தக் கட்டிலில் படுக்க வைத்திருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கோடியில் ஒரு கட்டில் காலியாக இருந்தது.

சொம்பைப் பற்றி எழுதினேன். மிச்சத்தை எழுதவில்லை. அன்று ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். வண்டி மாடும் என்னுடையது. கயிற்றை விட்டுவிட்டுப் போய் மாட்டைப் பூட்டியிருக்கலாம். அப்பா தடுத்திருக்க மாட்டார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி வீட்டுக்கு அனுப்புவார்களாம். பச்சை உடம்பு, மலையேற வேண்டும், கூட ஒரு நர்சு வந்தால் நல்லது என்று டாக்டர் சொல்கிறார்.

சக்கரத்தைத் தபாலில் அனுப்ப மாட்டேன். நீ இறங்கி வா. ஆட்டையும் எடுத்து வா. முதல் நாளே வந்தால் வீட்டில் தங்கலாம். உன் அறையில் கடிகாரங்களை அடுக்கி வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன்.

உன் தம்பி
குழந்தைசாமி